முதுநிலையில் நகைக் கலை: கலைஞர்களிடம் படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேர்க்கைக் காலம் நெருங்கும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. விண்ணப்பிக்கும் முன் எழுபவை முதலிலும், படிப்புக்குள் போன பிறகு எழுபவை பின்னாலும் இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களை மாற்றவில்லை.

முதுநிலையில் நகை செய்யக் கற்றுக்கொடுப்பார்களா, இல்லை வரைவதோடு சரியா?

அடிப்படை வேலைகளை முதலிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள். தகடு அறுப்பது, பற்றவைப்பது, கம்பி இழுப்பது, மெருகேற்றுவது எல்லாம் ஓரளவு கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டுதான் இடம் தருகிறார்கள். ஆனால் நாளின் பெரும்பகுதி பட்டறையில்தான் கழியும். வரைபடத்தை முடித்து வேறொருவரிடம் செய்யக் கொடுக்கும் வணிக வடிவமைப்புப் படிப்பு தனி. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு சேர்ந்தால் இரண்டு பக்கமும் ஏமாற்றம்.

இங்கே கற்பது, உங்களுக்கென்று ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து அதைப் பொருளிலேயே சோதிப்பது. இறந்தவரின் நகையை உருக்காமல் இன்னொருவர் அணியும்படி மாற்ற முடியுமா? பற்றவைக்காமல் மடிப்புகளாலேயே ஒரு சங்கிலியைக் கோக்க முடியுமா? இப்படிப்பட்ட கேள்விகள். எந்த நுட்பம் தேவை என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும்.

எவ்வளவு காலம்? தினமும் வகுப்பு இருக்குமா?

ஐரோப்பாவில் இரண்டாண்டு முதுநிலைக்கு வழக்கமாக 120 ஐரோப்பிய மதிப்பலகுகள் (கிரெடிட்). ஒரு மதிப்பலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி. பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ.வுக்கு அந்நாட்டுக் கணக்கில் 180 மதிப்பலகுகள். இந்த மணிகளில் ஆசிரியர் எதிரே இருப்பது சிறு பகுதிதான். மீதியை நீங்களே நடத்திக்கொள்ள வேண்டும். யாராவது வேலை கொடுத்தால்தான் கை ஓடும் என்பவர்களுக்கு முதல் பருவம் கடினமாக இருக்கும்.

நான் படித்தது கட்டடக்கலை. நகைப் பட்டறையே பார்த்ததில்லை. விண்ணப்பிக்கலாமா?

பல துறைகள் வெளியிலிருந்து வருபவர்களை விரும்பியே எடுக்கின்றன. அளவும் அமைப்பும் உடலும் பற்றி ஏற்கெனவே யோசித்தவர் நீங்கள். அது பெரிய முதல். இருந்தாலும் கைப்பழக்கம் இல்லாமல் போனால், யோசனை ஓடும் வேகத்துக்குக் கை வராது.

சேர்வதற்கு முன் ஒரு பட்டறையில் ஆறு மாதமாவது அமர முடிந்தால் நல்லது. எதையெல்லாம் பழக வேண்டும்? 0.8 மில்லிமீட்டர் தகட்டில் வரைந்த கோட்டின் மேலேயே அறுப்பது (தகட்டின் தடிமனுக்குள் ரம்பப் பல் குறைந்தது இரண்டரையாவது இருக்க வேண்டும், பெரிய பல் போட்டால் தகட்டில் மாட்டி ரம்பம் ஒடியும்). ஒரே உருப்படியில் மூன்று இணைப்புகளை, உருகுநிலை கூடிய பற்றாசில் (இணைப்பதற்காக உருக்கும் உலோகக் கலவை) தொடங்கிக் குறைந்ததில் முடிப்பது. இந்த வரிசை மாறினால் மூன்றாவதைச் சூடாக்கும்போது முதலாவது கழன்றுவிடும். வெள்ளியை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, உருகாமல் மென்மையாக்குவது. வெங்காரம் தடவிய இடத்தில் சாமணத்தால் பற்றாசுத் துண்டை நகராமல் வைப்பது. சூடாக்கியபின் கருப்பை நீக்கும் அமிலக் கரைசலில் இரும்பு இடுக்கியை விடக்கூடாது என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள்: விட்டால் கரைசலில் கலந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் படிந்து உருப்படி முழுக்கச் சிவந்துவிடும்.

"தொழில்முறைக் கலைஞர்களே ஆசிரியர்கள்" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதனால் என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தத் துறையில் அதுதான் முக்கியம். சொந்தப் பட்டறையும் கண்காட்சியும் உள்ளவர், நீங்கள் இன்று முட்டிக்கொள்ளும் சிக்கலில் சென்ற வாரம் தானும் முட்டிக்கொண்டிருப்பார். எந்த மேற்பரப்பு இரண்டு ஆண்டில் மங்கும், எந்த ஊக்கு அருங்காட்சியகத்திலிருந்து திரும்பி வரும், ஒரு காட்சிக்கூடம் எதைக் கேட்கும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைப்பது அரிது.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். அவர்களில் பலர் பகுதிநேர ஆசிரியர்கள். வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் சில நாளோதான் வருவார்கள். கண்காட்சிக் காலத்தில் அதுவும் குறையும். தினமும் உங்களோடு இருப்பவர் பட்டறைத் தொழில்நுட்பர். எந்தப் படிப்பையும் விசாரிக்கும்போது ஆசிரியர் பட்டியலோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: தொழில்நுட்பர் எத்தனை மணி நேரம் பட்டறையில் இருப்பார்? மாலையிலும் வார இறுதியிலும் பட்டறை திறந்திருக்குமா?

எந்த ஊரில் எந்த மாதிரிப் படிப்பு? எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. மியூனிக் நுண்கலை அகாடமியில் ஒரே பேராசிரியரைச் சுற்றி அமையும் வகுப்பு முறை. அங்கே 1972 முதல் 1990 வரை ஹெர்மன் யுங்கரும், 1991 முதல் 2014 வரை ஓட்டோ குன்ட்ஸ்லியும் பொறுப்பில் இருந்தார்கள். பேராசிரியர் மாறினால் வகுப்பின் குணமே மாறும் இடம் அது. கல்லில் வேலை செய்ய நினைப்பவர்கள் ஜெர்மனியின் ஈடார்-ஓபர்ஸ்டைனைப் பார்க்க வேண்டும். அகேட் கல் வெட்டும் பழைய தொழிலூர், டிரியர் உயர்கல்வி நிறுவனத்தின் கல்-நகைத் துறை அங்கேதான் இருக்கிறது. லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் நகையும் உலோகமும் ஒரே துறையாக நடக்கின்றன. ஸ்டாக்ஹோமின் கோன்ஸ்ட்ஃபாக் கலைக் கல்லூரியும் டாலினில் உள்ள எஸ்தோனியக் கலை அகாடமியும் இத்துறையில் பெயர் பெற்றவை.

தரவரிசை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்கே முந்தைய மூன்று ஆண்டுகளில் படித்து முடித்தவர்களின் இறுதிக் கண்காட்சிப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொருவர் வேலையும் தனித்தனி முகத்தோடு இருந்தால் நல்ல இடம். எல்லாம் ஒரே கை செய்தவைபோல் இருந்தால் யோசியுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் எத்தனை படம் வைக்கணும்? முடித்த நகை மட்டும் போதுமா?

நிறுவனம் எண்ணிக்கை சொல்லியிருந்தால் அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். சொல்லவில்லை என்றால் 15 முதல் 20 பக்கம் போதும். அதில் மூன்றில் ஒரு பங்கு முடியாத வேலையாக இருக்கட்டும்: காகித மாதிரி, தோல்வியடைந்த சோதனை, குறிப்பேட்டுப் பக்கம். தேர்வாளர்கள் பார்ப்பது உங்கள் யோசனை எப்படி நகர்கிறது என்பதை. ஒரே சிந்தனையின் ஐந்து படிகள், சம்பந்தமில்லாத ஐந்து அழகான மோதிரங்களைவிட அதிகம் பேசும்.

ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு படமாவது உடலில் அணிந்தபடி இருக்க வேண்டும். பொருள், அளவு, ஆண்டு ஆகியவை படத்தின் கீழே. வார்ப்பையோ கல் பதிப்பையோ வேறொருவர் செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்தால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

முன்மொழிவு எழுதச் சொல்கிறார்கள். என்ன செய்யப் போகிறேன் என்று இப்போதே எனக்கு எப்படித் தெரியும்?

முடிவைக் கேட்கவில்லை, தொடக்கத்தைக் கேட்கிறார்கள். "நினைவையும் அடையாளத்தையும் ஆராய விரும்புகிறேன்" என்பது யாருக்கும் பொருந்தும் வாக்கியம். அதனால் உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. "தாலி, திருமண மோதிரம் போன்ற கழற்றாத நகைகளில் தேய்மானம் எந்த இடத்தில் விழுகிறது என்று பதிவு செய்து, அந்தத் தேய்மானத்தையே வடிவமாக்கப் பார்க்கிறேன்" என்று எழுதினால் பொருள், முறை, முதல் வேலை மூன்றும் அதிலேயே வந்துவிடுகின்றன. கூடவே, அந்த ஆசிரியர் குழுவில் யாருடைய வேலை இதைத் தொடுகிறது என்று ஓரிரு வரி. அவருடைய எந்த உருப்படி, ஏன் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வெறும் புகழ்ச்சியை விட்டுவிடுங்கள்.

ட்யூட்டோரியலுக்குப் போகும்போது என்ன கொண்டுபோகணும்? எனக்கு அங்கே பேச்சே வருவதில்லை.

ஆசிரியரோடு உட்கார்ந்து உங்கள் வேலையைப் பற்றிப் பேசும் அந்த அமர்வில் பேச்சு வராததற்குப் பெரும்பாலும் காரணம், மேஜைமேல் பொருள் இல்லாததுதான். திரையில் படத்தைக் காட்டினால் கலைஞரான ஆசிரியரிடமிருந்து அபிப்பிராயம்தான் கிடைக்கும். கையில் மாதிரியைக் கொடுத்தால் திருப்பிப் பார்ப்பார், எடை பார்ப்பார், வளைப்பார், தன் சட்டையில் குத்திப் பார்ப்பார். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

அமர்வு பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி. ஆறு முதல் பத்து மாதிரிகள் போதும். அதில் குறைந்தது இரண்டு கெட்டுப்போனவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டுங்கள்: பொருள், தடிமன், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், என்ன ஆயிற்று. மூன்று வாரம் கழித்து நன்றாக வந்த ஒன்றைத் திரும்பச் செய்ய முடியாமல் தவிப்பது முதலாண்டில் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. சீட்டு இருந்தால் அது நடக்காது.

போகும் முன் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "இது நன்றாக இருக்கிறதா?" என்பது கேள்வியாகாது. "இந்த இணைப்பு தெரியட்டுமா, மறையட்டுமா?" என்பது கேள்வி. முடிந்ததும் பத்து நிமிடத்துக்குள் அவர் சொன்னதை எழுதி வையுங்கள், உங்களுக்கு ஒப்பாததையும் சேர்த்து.

ஒரு ஆசிரியர் "எளிமையாக்கு" என்கிறார், இன்னொருவர் "இன்னும் சேர்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவரும் ஒரே இடத்தில் ஏதோ சரியில்லை என்று கண்டிருக்கிறார்கள், மருந்துதான் வேறு. அந்த இடம் எது என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டையும் செய்து பாருங்கள், மலிவான பொருளில், சிறிய அளவில், ஒரே வாரத்தில். அடுத்த அமர்வில் இரண்டு மாதிரிகளையும் இருவருக்குமே காட்டுங்கள். இதைச் செய்யாமல் மனத்துக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தால் ஒரு மாதம் போய்விடும்.

பெரிய கலைஞரிடம் படித்தால் அவருடைய பாணி எனக்கும் ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டும், அது இயல்பு. முதல் சில மாதங்களில் அவருடைய மேற்பரப்பும் நிறமும் உங்கள் கையில் வந்தால் பதற வேண்டாம். அவருடைய முடிவுகளை எடுத்துக்கொள்கிறீர்களா, முடிவெடுக்கும் முறையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் பயன்படுத்தாத ஒரு பொருளை உங்கள் முதன்மைப் பொருளாக வைத்துக்கொள்வது நல்ல தற்காப்பு.

தங்கம் வாங்க வேண்டியிருக்குமா? பொருள் செலவு எப்படிச் சமாளிப்பது?

தங்கத்தில் செய்யாததால் யாருக்கும் மதிப்பெண் குறைவதில்லை. சோதனைக்குச் செம்பும் பித்தளையும், கடைசி உருப்படிக்கு மட்டும் வெள்ளி என்பது பொதுவான வழி. ஆனால் செம்பில் சோதித்ததெல்லாம் வெள்ளியில் அப்படியே வராது. செம்பின் உருகுநிலை 1085 டிகிரி செல்சியஸ், தூய வெள்ளிக்கு 962. 925 வெள்ளியோ (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 800 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். செம்பில் நிதானமாகப் பற்றவைத்துப் பழகிய கை, வெள்ளியில் மெல்லிய கம்பியைக் கண்ணெதிரே உருக்கிவிடும். ஆகவே கடைசிக்கு முன் ஒரு சிறு பகுதியை உண்மையான பொருளிலேயே செய்து பாருங்கள்.

வார்ப்புக்குத் தேவையான உலோகத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். தண்டோடு (உலோகம் அச்சுக்குள் ஓடும் வழி) சேர்த்து மெழுகு மாதிரியை நிறுங்கள். 925 வெள்ளிக்கு அதைப்போல் பத்தரை மடங்கு, 18 காரட் மஞ்சள் தங்கத்துக்கு ஏறக்குறைய பதினைந்தரை மடங்கு. அடியில் தங்கும் கட்டிக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுத்த தூளையும் வெட்டுத் துண்டுகளையும் உலோகவாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். கலந்துவிட்டால் விலை பாதாளத்துக்குப் போகும். வெள்ளியில் ஈயம் ஒரு துளி கலந்தாலும் அடுத்த சூட்டில் தகடு அரித்து ஓட்டையாகும்.

925 வெள்ளியை மெருகேற்றினால் உள்ளே ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. அமிலத்தில் போட்டும் போகவில்லை. என்ன தப்பு?

அந்த வெள்ளியில் ஆயிரத்தில் 75 பங்கு பெரும்பாலும் செம்பு. நீண்ட நேரம் சூடாக்கும்போது ஆக்சிஜன் உள்ளே இறங்கி, தோலுக்கு அடியில் அந்தச் செம்பை ஆக்சைடாக்குகிறது. மேலே கருப்பது அமிலத்தில் போய்விடும். அடியில் இருப்பது போகாது. அரத்தாலோ உப்புத்தாளாலோ அந்த அடுக்கையே எடுக்க வேண்டும்.

வராமல் தடுக்க, சூடாக்கும் முன் போரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து உருப்படி முழுவதும் பூசி, எரியவிட்டு வெள்ளைப் படலமாக்குங்கள். சுடர் பெரிதாக இருக்கட்டும், நேரம் குறைவாக இருக்கட்டும். இல்லையென்றால் எதிர்வழி: சூடாக்கி அமிலத்தில் போடுவதை ஐந்தாறு முறை செய்தால் மேலே தூய வெள்ளித் தோல் படியும், அந்த வெண்மையை மெருகேற்றாமல் அப்படியே விட்டுவிடலாம். ஜெர்மேனியம் கலந்த வெள்ளியிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கணினியில் வரைந்து 3டி பிரிண்ட் எடுத்து வார்த்துவிட்டால் போதாதா?

உங்கள் கேள்விக்கு அது தேவை என்றால் தாராளமாக. ஆனால் திரையில் எடை தெரியாது, தொடுகை தெரியாது. வாரத்துக்கு ஒரு முறையாவது பிரிண்டைக் கையில் எடுத்து, அரத்தால் தேய்த்து, களிமண் சேர்த்துத் திருத்தி, மறுபடி கணினிக்குப் போங்கள்.

வார்ப்பில் கெடும் இடங்கள் தெரிந்தவைதான். பிரிண்ட் எடுத்த பிசின் மாதிரி அச்சுக்குள் முழுவதும் எரியாமல் சாம்பல் தங்கினால் மேற்பரப்பு குழி குழியாக வரும். சுவர் 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உலோகம் ஓடி நிரம்பாது. தண்டை மெல்லிய பகுதியில் வைத்தால் தடித்த பகுதி கடைசியில் உறைந்து, உள்ளே பஞ்சுபோல் துளை விழும்; தடித்த இடத்தில்தான் தண்டு இருக்க வேண்டும். சுருக்கமும் மெருகில் தேய்வதும் சேர்ந்து மோதிர அளவைக் குறைக்கும், அதை வரையும்போதே கூட்டிவிடுங்கள்.

அணியவே முடியாததைச் செய்துவிட்டு நகை என்கிறார்களே, அது எப்படி?

ஓட்டோ குன்ட்ஸ்லி 1980-இல் ஒரு கருப்பு ரப்பர் வளையம் செய்தார். உள்ளே தங்க உருண்டை; ரப்பரை வெட்டினால்தான் தங்கம் தெரியும். நெதர்லாந்தின் கைஸ் பாக்கர் 1973-இல் கையில் தங்கக் கம்பியை இறுகக் கட்டிக் கழற்றினார். தோலில் பதிந்த தழும்பையே நகை என்றார். இரண்டிலும் உடல் இருக்கிறது, மதிப்பு என்றால் என்ன என்ற கேள்வி இருக்கிறது. அதனால் அவை நகைதான்.

ஆனால் உடலை எதிர்த்துப் பேசுவதும் உடலை மறந்துவிடுவதும் வேறு வேறு. 400 கிராம் எடையுள்ள கழுத்தணி ஏன் அந்த எடை என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது தீர்மானம். சொல்ல முடியாவிட்டால் அது கவனக்குறைவு, விமர்சன அமர்வில் யாராவது அதைக் கேட்டே தீருவார்கள்.

என் ப்ரோச் எப்போதும் முன்பக்கம் கவிழ்ந்து தொங்குகிறது. ஊசியும் வளைந்துவிடுகிறது.

துணியில் குத்தும் இந்த அணியில் ஊசி உருப்படியின் நடுவிலோ கீழேயோ இருக்கிறது. எடையின் மையத்துக்கு மேலே, மேல் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். அகலமானது சுழன்றால் இரட்டை ஊசி. மெல்லிய துணிக்கு 30 கிராமே அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

வளைவதற்குக் காரணம், வெள்ளி ஊசியைப் பற்றவைத்திருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் கம்பி மென்மையாகிவிட்டது. கீலை மட்டும் பற்றவைத்து, 0.8 முதல் 1 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கடைசியில் தறையால் (ரிவெட்) பொருத்துங்கள். பின்பக்கத்தை முதல் மாதிரியிலேயே யோசியுங்கள். கண்காட்சிக்கு முந்தின இரவு ஒட்டும் ஊக்கு ஒட்டியதுபோலவே தெரியும்.

பட்டறையில் எதற்கு உண்மையாகவே பயப்பட வேண்டும்?

காட்மியம் கலந்த பழைய பற்றாசுக்கு. அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும், டப்பாவில் பெயர் இல்லாத பற்றாசைத் தொடாதீர்கள். கல், சிப்பி, எலும்புத் தூசிக்கு. தண்ணீர் விட்டு ஈரமாகவே அறுங்கள், தகுந்த முகக்கவசம் போடுங்கள். உலராத பிரிண்ட் பிசினுக்கு. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொட்டால் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் தொடரலாம். வெள்ளியைக் கருக்கும் சல்பைடு கரைசலை அமிலத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்: கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அது உயிரைப் பறிக்கும். மெருகு இயந்திரத்தில் கையுறை, விரித்த கூந்தல், கையில் சுற்றிய சங்கிலி மூன்றும் கூடாது.

முதலாண்டு முடியும்போது என் கேள்வியே மாறிவிட்டது. முன்மொழிவில் எழுதியதை விட்டுவிடலாமா?

விடலாம். முன்மொழிவு தொடக்கம்தான் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். ஆனால் மாற்றத்தைக் காட்ட வேண்டும்: எந்த மாதிரி அதைத் திருப்பியது? சீட்டுக் கட்டிய மாதிரிகள் இங்கே கைகொடுக்கும். ஆய்வுக் கட்டுரையின் நல்ல பகுதி பெரும்பாலும் இந்தத் திருப்பத்திலிருந்துதான் கிடைக்கிறது, ஏனென்றால் அங்கே உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருக்கிறது. இறுதிக் கண்காட்சிக்கு ஐந்து மாதத்துக்குள் மாறினால் மட்டும் பெரிய மாற்றத்தைத் தள்ளிவைத்து, இருக்கும் வேலையை முடியுங்கள்.

ஆசிரியரின் சொந்தப் பட்டறையில் உதவியாளராகக் கூப்பிடுகிறார். போகலாமா?

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் குறைவு. மதிப்பெண் போடுபவரே சம்பளமும் கொடுப்பவராக இருப்பது மட்டும் சிக்கல். துறைத் தலைவருக்குத் தெரிந்து, எழுத்தில் இருக்கட்டும். நேரம், ஊதியம், அங்கே பார்த்த நுட்பத்தை உங்கள் வேலையில் பயன்படுத்தலாமா என்ற மூன்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள். ஊதியமில்லை என்றால் மறுக்கத் தயங்காதீர்கள்.

முடித்த பிறகு விற்பது எப்படி? கண்காட்சிக்கு அனுப்பினால் என்னென்ன கவனிக்கணும்?

மியூனிக்கில் 1959 முதல் நடக்கும் 'ஷ்முக்' கண்காட்சிதான் இத்துறையினர் ஆண்டுதோறும் கூடும் இடம். அதையொட்டி நகரெங்கும் சிறு காட்சிகள் நடக்கும்; புதிதாகப் படிப்பு முடித்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுப்பது வழக்கம். காட்சிக்கூடங்கள் விற்பனை விலையில் பாதிவரை எடுத்துக்கொள்ளும் என்பதை விலை வைக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். நேரில் ஒரு விலை, கூடத்தில் ஒரு விலை வைக்கக் கூடாது.

சட்டங்களையும் பாருங்கள். பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேல் வெள்ளி, 1 கிராமுக்கு மேல் தங்கம், 0.5 கிராமுக்கு மேல் பிளாட்டினம் என்றால் ஹால்மார்க் இல்லாமல் அந்த உலோகப் பெயரில் விற்க முடியாது. கல் பதிப்பதற்கும் கடைசி மெருகுக்கும் முன்பே முத்திரைக்கு அனுப்புங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலில் படும் பாகம் வெளியிடும் நிக்கல் வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. காது குத்தில் நுழையும் தண்டுக்கு 0.2. தந்தம், ஆமையோடு, கரும்பவளம் இருந்தால் வனவிலங்கு வர்த்தக ஒப்பந்த அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாது. ஒவ்வொரு உருப்படியோடும் பெயர், பொருள், எடை, விலை, திருப்பித் தரும் தேதி, போக்குவரத்தில் உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதிய ஒப்படைப்புச் சீட்டில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பெட்டியில் எப்படி வைத்து அனுப்பினீர்கள் என்று ஒரு படமும் எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள், திருப்பிக் கட்டுபவருக்கு அது உதவும்.